சுவர் குடித்த கடல்: பாலமுனைக் கரையில் வாடகைக்கு விட வீடு வாங்குவோருக்கு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான எங்கள் கரையில் யாராவது "முதலீட்டுக்கு ஒரு வீடு பார்க்கிறேன்" என்று சொன்னால், அதற்குப் பின்னால் அநேகமாக ஒரு மகள் இருப்பாள். முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் இந்த விடயத்தில் வழக்கம் ஒன்றுதான். பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கும் தகப்பன், மகளுக்குப் பத்து வயதாகும்போதே வீடு தேடத் தொடங்கிவிடுகிறார். கல்யாணம் வரை வாடகைக்கு விடலாம், பிறகு மகளுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்பது கணக்கு.

இந்தக் கணக்குக்குப் பாலமுனை வசதியான இடம். பக்கத்து ஊரான ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து 1996 இல் முழுப் பல்கலைக்கழகமான அந்த நிறுவனத்துக்கு வெளியூர்களிலிருந்து வரும் மாணவர்களும் விரிவுரையாளர்களும் அறை தேடுகிறார்கள். வீடு விற்பனை என்று வட்ஸ்அப்பில் ஒரு காணொளி வரும். வெள்ளை வெளேரென்று பூசிய சுவர், மினுங்கும் டைல்ஸ், சீலிங்கில் வட்ட விளக்குகள். தோஹாவிலோ ஸ்காபரோவிலோ இருந்து அதைப் பார்ப்பவருக்கு ஒன்று மட்டும் கைபேசித் திரையில் வராது. அது அந்த வீட்டின் வாசனை.

இந்தக் கட்டுரை அந்த வாசனையைப் பற்றியது. பூஞ்சணம் பிடித்த, அதை மறைத்துப் பூசிய வீட்டை எப்படி அடையாளம் காண்பது, கண்டபின் வாங்குவதா விடுவதா என்பதை எப்படித் தீர்மானிப்பது என்பதுதான் விடயம். அண்மையில் என் மச்சான் ஒருவருக்காக இந்த வேலையைச் செய்ய வேண்டி வந்தது. அதில் பார்த்ததையும் அதற்காக விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பருவத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசி கடைசியிலிருந்து தை வரையான மாரியில்தான் கொட்டுகிறது. வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும்போது மண் காய்ந்து, கிணற்று நீர் இறங்கி, சுவர்களும் உலர்ந்து கிடக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் விடுமுறையில் வருவதும் அந்த மாதங்களில்தான், வீடுகள் அதிகமாகக் கைமாறுவதும் அந்த மாதங்களில்தான். விற்பவர் எல்லோரும் திட்டமிட்டு அப்படிச் செய்வதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஆடி மாதத்தில் வீடு பார்ப்பது என்பது, நோயாளியைக் காய்ச்சல் விட்ட நேரத்தில் பரிசோதிப்பது போன்றது. பூஞ்சணம் வறட்சியில் செத்துப்போவதில்லை. அதன் வித்திகள் பூச்சுக்கடியிலும் சீலிங்குக்கு மேலேயும் காய்ந்து காத்திருக்கும். ஈரம் திரும்பியதும் ஓரிரண்டு நாளிலேயே மறுபடி வளரத் தொடங்கும்.

பூஞ்சண வித்தி எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கிறது. அதை ஒழிக்க யாராலும் முடியாது. அதற்குச் சாப்பிட மரம், கடதாசி, பெயிண்ட், தூசு என்று ஏதாவது எங்கும் கிடைக்கும். எல்லா வீட்டிலும் கிடைக்காதது தண்ணீர் ஒன்றுதான். ஆகவே சுவரில் கறுப்பாகவோ பச்சையாகவோ படர்ந்திருப்பதைக் கண்டதும் "இது எந்த வகை, விஷமா?" என்று கேட்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. அமெரிக்காவின் சுகாதார, சுற்றாடல் நிறுவனங்களும் சாதாரண வீடுகளில் இன்ன இனம் என்று ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பது அவசியமில்லை என்றே சொல்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி: இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதற்கு விடை கிடைத்தால் வீட்டுக்கு விலை பேசலாம். கிடைக்காவிட்டால், எவ்வளவு மலிவாக வந்தாலும் பேசக் கூடாது.

உடம்புக்கு என்ன செய்யும் என்பதில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்தல் உண்டு. "எங்கட வாப்பா காலத்திலிருந்து சுவர் ஊறினதுதானே, யார் செத்தார்கள்?" என்பது ஒரு பக்கம். இணையத்தில் உலாவும் கறுப்புப் பூஞ்சணப் பயமுறுத்தல்கள் மறுபக்கம். உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வீட்டு ஈரமும் பூஞ்சணமும் பற்றி ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. ஈரமான வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா, சுவாசத் தொற்று ஆகியவை கூடுதலாக ஏற்படுகின்றன என்பதை அது உறுதியாகச் சொல்கிறது. இவ்வளவு பூஞ்சணம் வரை ஆபத்தில்லை என்று ஓர் எல்லையை அது வகுக்கவில்லை. ஈரத்தைத் தடுப்பதுதான் வழி என்கிறது. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் பூஞ்சணம் படர்ந்த சமூக வீடொன்றில் வளர்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. நீண்டகாலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் ஏற்பட்ட சுவாசக் கோளாறே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 இல் முடிவு செய்தார். அந்தக் குழந்தையின் பெயரால் வந்த "அவாப் சட்டம்" 2025 ஒக்டோபரில் அங்கே நடைமுறைக்கு வந்தது. சமூக வீடுகளின் உரிமையாளர்கள் இப்போது குறிப்பிட்ட காலத்துக்குள் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் விசாரித்துச் சரிசெய்ய வேண்டும். எங்கள் நாட்டில் வாடகைக்கு இருப்பவரைக் காக்க அப்படியொரு சட்டம் இல்லை. வாடகைக்கு விடப்போகிறவரின் மனச்சாட்சிதான் இருக்கிறது.

மூன்று வயதுள்ள வீடு

பாலமுனைக் கடற்பக்கத்து வீடுகளின் ஈரத்துக்கு வேறு ஊர்களில் இல்லாத ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அலை திரும்பிப் போனபின் சில சுவர்கள் நின்றன. பிறகு வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அரசாங்கம் எல்லை போட்டது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். அந்த எல்லைக்குள் இருந்தவர்கள் போக வழியின்றித் தற்காலிகக் கொட்டில்களில் கிடந்தார்கள். எல்லை பின்னர் தளர்த்தப்பட்டபோது பலர் திரும்பி வந்து, நின்ற சுவர்களை ஒட்டியே கட்டிக்கொண்டார்கள். முழுச் சேதமடைந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபாவும் பகுதிச் சேதத்துக்கு ஓர் இலட்சமும் தவணை தவணையாகக் கிடைத்தன. அந்தக் காசில் கட்டப்பட்டது பெரும்பாலும் 500 சதுர அடி. அதற்குப் பத்து வருடம் கழித்து, பிள்ளைகள் வெளிநாடு போனபின், முன்னால் ஒரு ஹோல், பின்னால் ஏசி போட்ட அறை, மேலே பாதியில் நிற்கும் மாடி.

ஆக இங்கே ஒரே கூரைக்குக் கீழே மூன்று வயதுள்ள வீடுகள் இருக்கின்றன. சுனாமிக்கு முந்திய சுவர், நிவாரணக் காலத்து அறைகள், வெளிநாட்டுக் காசு கட்டிய முகப்பு. வெளியே ஒரே நிறப் பெயிண்ட் அடித்துவிட்டால் மூன்றும் ஒன்றாகத் தெரியும். தண்ணீருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். பழையதும் புதியதும் சேரும் மூட்டில் அத்திவாரங்கள் வேறுவேறாக இறங்கி மயிரிழை வெடிப்பு விழும். மழை அதற்குள் போகும்.

மூட்டையாவது மேசன் கண்டுபிடித்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாதது கடல்நீரில் நின்ற சுவர்தான். சீமெந்துக் கல்லும் செங்கல்லும் பஞ்சு போல நீரை உறிஞ்சும். சுனாமி நீர் வற்றியது, ஆனால் அதிலிருந்த உப்பு கல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. மாரியில் குசினியில் உப்புப் போத்தல் தானாகவே நீர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை. மாரி மாதங்களில் எங்கள் கடற்கரைக் காற்று அந்த அளவுக்கு மேலேதான் இருக்கும். அதாவது கூரை ஒழுகாமல், குழாய் வெடிக்காமல், ஒரு சொட்டு மழைகூட உள்ளே வராமல் அந்தச் சுவர் நனையும். கடல் மணலைக் கழுவாமல் கலந்து பூசிய சுவருக்கும் இதே கதைதான். வீடுகள் அவசரமாக எழும்பிய காலத்தில் மண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இப்படிப்பட்ட சுவருக்கு வழுவழுப்பான புட்டியும் எனாமல் பெயிண்டும் அடிப்பது காயத்தை மூடி வைத்துக் கட்டுவது போல. ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே நிற்கும். ஒரு மாரி தாண்டும்போது பெயிண்ட் கொப்பளித்து, அடியில் வெள்ளைப் பொடியும் அதைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகளும் தெரியும். பழைய காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு இதைவிட நல்லது. அது சுவரை மூச்சுவிட வைக்கும், பூஞ்சணமும் சுண்ணாம்பில் இலகுவில் வளராது. ஆனால் சுண்ணாம்படித்த வீட்டைக் காணொளியில் காட்டினால் யார் வாங்குவார்கள்?

மற்றத் தண்ணீர்கள் எல்லா ஊருக்கும் பொதுவானவை, சுருக்கமாகவே சொல்லலாம். மாரியில் மணல் நிலத்தில் நிலத்தடி நீர் சில அடிக்குள் ஏறிவிடும். அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடைப் படை, மேசன்மார் டிபிசி என்பார்களே அது, போடாத வீட்டில் ஈரம் கீழிருந்து ஒரு மீற்றர் வரை ஏறும். வீதியைத் திருத்தும்போது ஒவ்வொரு முறையும் உயர்த்துவதால் பழைய வளவுகள் பள்ளமாகி நீர் தேங்குகிறது. வயலை நிரப்பிக் கட்டிய மேற்குப் பக்க வீடுகளிலும் இதே பிரச்சினை, கூடவே அனுமதி இருந்ததா என்ற கேள்வியும். பாதி கட்டிய மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் வழியே மழை தூணுக்குள் இறங்கும். ஏசி அறையின் குளிர்ந்த சீலிங்கில் ஈரக்காற்று பட்டுத் துளிர்க்கும். மலசலகூடக் குழி சுவரோடு ஒட்டியிருந்தால் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் பார்த்த வீடு

மச்சானுக்காக நான் பார்க்கப்போன வீடு பிரதான வீதிக்குக் கிழக்கே, கடல் இரையும் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தது. விற்கிறவர் எழுபது தாண்டிய பெரியவர். நாங்கள் போனபோது சாம்பிராணிப் புகை வீடு முழுக்க நிறைந்திருந்தது. விருந்தாளி வந்தால் சாம்பிராணி போடுவது எங்கள் பண்பாடுதான், அதில் குறை காண மாட்டேன். ஆனால் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு அது ஒரு திரை. அதனால் அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு மறுபடி வருகிறோம், இரவு முழுக்கக் கதவு ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள், நாங்கள் வந்தபின் திறவுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். பெரியவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். காலையில் முன் ஹோலில் ஒன்றுமில்லை. நடு அறைக் கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு வாசனை வந்தது.

இந்த ஒரு சோதனைக்குச் செலவே இல்லை. தூரத்தில் இருப்பவர்கள் காணொளி அனுப்பச் சொல்வதைவிட, நம்பிக்கையான ஒருவரை இப்படி அதிகாலையில் அனுப்புவது மேல். மூக்கு கூர்மையான ஒரு பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. என் ராத்தா கதவடியிலேயே நின்று "இந்த அறையில உடுப்பு வைக்கேலாது" என்றார்.

பிறகு அலுமாரியை நகர்த்தினோம். வெளிச்சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரிக்குப் பின்னால்தான் காற்றோட்டம் இல்லாமல் பூஞ்சணம் முதலில் வரும். அங்கே பெயிண்ட் மட்டும் புதிதாக இருந்தது. ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட், ஓர் அறையில் மட்டும் சுவருக்கு நாலடி உயரம் டைல்ஸ் என்றால் ஏன் என்று கேளுங்கள். நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால் பூச்சு கல்லை விட்ட இடத்தில் சத்தம் மாறும். கீழ்ப்பக்கப் பிளக்குகளின் திருகாணி, ஜன்னல் கம்பிகளின் அடி, கதவு நிலையின் கால் ஆகிய மூன்றும் பொய் சொல்லாது. துருவும் உக்கலும் பெயிண்டுக்குக் கட்டுப்படாது. எல்லாப் பைப்பையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீற்றரைப் பார்த்தோம், சுற்றவில்லை. ஆகவே குழாய் கசிவு இல்லை. கூரைக்கு மேசனை ஏற்றினோம், அஸ்பெஸ்டோஸ் தகடுகளில் குறையில்லை.

வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா பூஞ்சணமா என்று தெரியாவிட்டால் கொஞ்சம் சுரண்டித் தண்ணீரில் போடுங்கள். உப்பு கரைந்துவிடும். இரண்டடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுவது இன்னொரு சோதனை. பொலித்தீனுக்கும் சுவருக்கும் இடையில் நீர் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்புறம் துளிர்த்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. உப்பேறிய சுவரில் இது குழப்பும். கடையில் வாங்கும் ஈரமானியும் உப்பைக் கண்டால் கூடுதலாகவே காட்டும். ஆகவே அயலவரிடம் கேட்பதுதான் நல்லது. சுனாமி நீர் எந்த உயரம் வரை நின்றது, 2011 ஜனவரி வெள்ளத்திலும் 2024 நவம்பர் வெள்ளத்திலும் இந்த வளவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். எங்கள் ஊர்களில் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

நடு அறைச் சுவரில் ஈரத்தின் உயரம் ஒரு மீற்றரையும் தாண்டியிருந்தது. நிலத்தடி ஈரம் அவ்வளவுக்கு ஏறுவது அரிது. பெரியவரிடம் நேராகவே கேட்டோம்.

"ஒரு சொட்டு ஒழுகாது மனே. சத்தியமா ஒழுகாது. இது சுனாமியில நிண்ட சுவர். மத்ததெல்லாம் போயிட்டு. இதை இடிக்க எனக்கு மனசு வரல்ல, இதை வச்சித்தான் மிச்சத்தைக் கட்டினன்."

அவர் பொய் சொல்லவில்லை. ஒழுகவில்லைதான். அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அவரும் ஒரு மகனும் அன்று தப்பியிருக்கிறார்கள். மற்றவர்களைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. பூஞ்சண வீட்டைப் பற்றிய எந்த வழிகாட்டலிலும் இதற்கு இடமில்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் வீடு வாங்குகிறவர் இப்படியொரு சுவரைச் சந்திக்காமல் இருப்பது கடினம். சுனாமியில் நின்ற சுவர், செல் விழுந்தும் நின்ற சுவர், இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது மிச்சமிருந்த சுவர். அதை வைத்திருப்பவருக்கு அது ஒன்று. அதற்குள் மகளைக் குடியமர்த்தப் போகிறவருக்கு அது வேறொன்று.

சொல்ல வேண்டியதும் எழுத வேண்டியதும்

தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததற்காக வியாபாரியை நபியவர்கள் கண்டித்த சம்பவத்தை ஜும்ஆப் பிரசங்கத்தில் கேட்காதவர் எங்கள் ஊரில் இல்லை. குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது மார்க்கம். நாட்டின் சட்டமும் அதற்குத் தூரமில்லை. இலங்கையில் வீடு, காணி விற்பனைக்கு உரோம-டச்சுச் சட்டம் பொருந்துகிறது. வாங்கும்போது சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத மறைந்த குறைக்கு விற்றவர் பொறுப்பு. விற்பனையை இரத்துச் செய்யவோ விலையைக் குறைக்கவோ கோரி வழக்கிடலாம். ஆனால் "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரியை எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும், விற்றவர் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிக்க முடிந்தாலொழிய. நிரூபிப்பதற்கு எத்தனை வருடம் நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே உறுதி எழுத முன்பே நொத்தாரிசு முன்னிலையில் ஓர் உடன்படிக்கை எழுதி, ஈரம் பற்றி விற்பவர் சொன்னதை அதில் சேருங்கள். காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் சட்டத்தில் செல்லாது. பள்ளிவாசல் திண்ணையில் கைகொடுத்து முற்பணம் கொடுத்ததெல்லாம் நம்பிக்கை மட்டுமே.

நீண்டகாலம் பூட்டிக் கிடந்த வீடாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. ஏன் பூட்டிக் கிடந்தது? ஜன்னல் திறக்காத வீட்டில் பூஞ்சணம் வேகமாகப் பரவும். ஆனால் இங்கே பூட்டிய வீடு பலமுறை இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் வீடு. 1990 இல் இரண்டு சமூகத்திலிருந்தும் ஓடியவர்கள் இருக்கிறார்கள். பத்து வருடம் தடையின்றி அனுபவித்தால் உரிமை வரும் என்ற பழைய சட்டத்தைக் காட்டி, அப்படிப்பட்ட வீட்டை மூன்றாமவர் விற்க வரலாம். போர்க் காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் வழக்குப் போட முடியாதிருந்தவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அது யாருக்குப் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணி சொல்ல வேண்டும். அரசகாணி அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ உள்ள வளவானால் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் புதிதாகக் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பற்றியும் விசாரியுங்கள். சுவரை இடித்துக் கட்ட வேண்டி வந்தால் அது குறுக்கே நிற்கும்.

ஆளில்லாத வீடு என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். அக்கரைப்பற்றின் நுரைச்சோலையில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்காக சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குப் பகிர்வது என்பது இனப் பிரச்சினையாகி உயர் நீதிமன்றம் வரை சென்றது. வீடிழந்தவர்கள் வீடில்லாமலும், வீடுகள் ஆளில்லாமலும் ஆண்டுக்கணக்காகக் கிடந்தன, சுற்றிக் காடு மூடியது. ஒரு சுவருக்கு ஈரத்தைவிடப் பெரிய எதிரி அரசியல் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

காசுக் கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு வீடு 80 இலட்சம், மாத வாடகை 25,000 என்று வையுங்கள். வருடத்துக்கு 3 இலட்சம், போட்ட முதலில் நூற்றுக்கு நாலுகூட இல்லை. நடு அறைப் பூச்சைக் கொத்தி, சுவரை மாற்றி, பெயிண்ட் அடிக்க 9 இலட்சம் போனால் மூன்று வருட வாடகை அதற்கே சரி. மாரியில் மாணவர்கள் இரண்டு மாதம் காலி செய்துவிட்டால் இன்னும் குறையும். இவ்வளவு மெல்லிய இலாபத்தில் மறைந்திருக்கும் ஈரத்துக்கு இடமே இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. கூரை, குழாய், ஏசி, மூட்டு வெடிப்பு ஆகியவற்றால் வந்த ஈரமென்றால் மேசனிடம் மதிப்பீடு எடுத்து, அதன் ஒன்றரை மடங்கை விலையில் கழித்து வாங்கலாம். ஒன்றரை மடங்கு ஏனென்றால் பூச்சைத் திறந்தபின் மேசன் சொல்லும் தொகை எப்போதும் முந்தியதைவிடக் கூடும். நிலம் பள்ளமாகி நீர் தேங்கும் வளவென்றால் விட்டுவிடுங்கள். அது உங்கள் வளவின் பிரச்சினை மட்டுமில்லை, வீதியும் வடிகானும் சேர்ந்த பிரச்சினை, காசால் தீராது. உப்புச் சுவரென்றால் இரண்டு வழி. பூச்சைக் கொத்தி உப்பை உலர்வாகவே துடைத்தெடுத்துச் சுண்ணாம்புப் பூச்சுப் போட்டு, சில வருடத்துக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்யலாம். அல்லது சுவரை இடித்து டிபிசியோடு புதிதாகக் கட்டலாம். பிளீச் ஊற்றிக் கழுவுவது மேலே தெரிவதை வெளுக்கவைக்கும், கல்லுக்குள் போகாது. அதை மலசலகூடம் கழுவும் அசிட்டோடு ஒருபோதும் கலக்க வேண்டாம், குளோரின் வாயு வெளிவரும்.

ஈரக்கறை வெளிப்படையாகத் தெரியும் அழுக்கு வீடும், நேற்றுப் பெயிண்ட் அடித்த அழகான வீடும் ஒரே விலைக்கு வந்தால் நான் அழுக்கு வீட்டைத்தான் எடுப்பேன்.

மச்சானிடம் இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "காக்கா, மகள அந்த அறையில வைப்பீங்களா?" மாட்டேன் என்றேன். உடன்படிக்கை எழுதி, சிறு முற்பணத்தை நொத்தாரிசிடம் வைத்து, ஒரு மாரி தாண்டட்டும் என்று கேட்டோம். பெரியவர் ஒத்துக்கொண்டார். மார்கழியில் போய்ப் பார்த்தபோது நடு அறைச் சுவர் கைவைத்தால் நனைந்தது, மற்ற மூன்று அறைகளும் காய்ந்திருந்தன. அந்தச் சுவரை இடித்துக் கட்டும் செலவைக் கழித்து ஒரு விலை சொன்னோம்.

அவர் ஒரு கிழமை எடுத்துக்கொண்டார். பிறகு ஆள் அனுப்பிச் சம்மதம் என்றார், சுவரை இடிக்கும் அன்று தன்னைக் கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். பங்குனியில் இடித்தோம். புதுச் சுவருக்கு டிபிசி போட்டு, இரண்டு பெரிய ஜன்னல் வைத்து, சுண்ணாம்பு அடித்திருக்கிறது. வாடகைக்குக் கேட்டு மூன்று மாணவர்கள் வந்தார்கள். இன்னொரு மாரி தாண்டட்டும் என்று மச்சான் சொல்லியிருக்கிறார்.